சேலத்தில் இருந்து வந்தேனா, இருந்துவிட்டு வந்தேனா?

பெங்களூருக்கு வந்த புதிது. கம்மனஹள்ளியில் ஒரு மாடி வீடு கிடைத்துக் குடியேறிய முதல் வாரம், கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா 'எல்லிந்த பந்த்ரி?' என்று கேட்டார். எங்கிருந்து வந்தீர்கள் என்கிறார், அது புரிந்தது. அதுவரை சேர்த்து வைத்திருந்த பத்து நாள் கன்னடத்தைக் காட்டிவிடும் ஆசையில், 'சேலத்தில் இருந்து வந்தேன்' என்பதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, சொல்லுக்குச் சொல் கன்னடத்தை வைத்து, 'சேலம்நல்லி இத்து பந்தே' என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் ரொம்ப மரியாதையாக, 'எஷ்டு தின இத்ரி?' என்றார். எத்தனை நாள் இருந்தீர்களாம்.

நான் போட்ட சொற்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. 'அல்லி' என்றால் இல், 'இத்து' என்றால் இருந்து, 'பந்தே' என்றால் வந்தேன். ஆனால் கன்னடக் காதுக்கு அது 'சேலத்தில் தங்கியிருந்துவிட்டு வந்தேன்' என்றுதான் கேட்கும். ஓரிடத்தை விட்டுக் கிளம்பியதைச் சொல்ல அவர்களுக்கு 'இந்த' என்று ஓர் உருபு இருக்கிறது (நம்முடைய 'இந்த வீடு' இந்த இல்லை, இது வேறு): சேலம்நிந்த பந்தே. அவர் கேட்ட 'எல்லிந்த'விலேயே அது இருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

அசடு வழிந்தது போகட்டும். மாடி ஏறும்போதுதான் இன்னொன்று தோன்றியது, விசித்திரம் உண்மையில் கன்னடத்தில் இல்லை, தமிழில்தான் இருக்கிறது. இருத்தல் என்றால் தங்குவது, உட்கார்வது. அப்படி இருந்த ஒரு வினை எப்படிக் 'கிளம்பி வருவதை'ச் சொல்லும் சொல்லாக மாறியது? வழி எளிதுதான். 'சேலத்தில் இருந்து, வந்தான்' என்று இரண்டு வேலையாக ஆரம்பித்திருக்கும். சேலத்தில் இருந்தவன் இங்கே வந்திருக்கிறான் என்றால் சேலத்தை விட்டுத்தானே வந்திருக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு இருந்ததை விட வந்ததே முக்கியம் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாக 'இருந்து' தன் சொந்தப் பொருளை இழந்து வெறும் திசைகாட்டியாகிவிட்டது. எவ்வளவு இழந்தது என்று பார்க்க வேண்டுமானால் 'காலையிலிருந்து தலைவலி' என்பதைப் பாருங்கள். காலையில் யாரும் எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை, தலைவலி மட்டும்தான் இருக்கிறது. பொருள் தேயும்போது ஒலியும் கூடவே தேய்கிறது: சேலத்துலருந்து, சேலத்துலேந்து. எழுதும்போதும் பெயரோடு ஒட்டியே எழுதிவிடுகிறோம். ஆனால் நிஜமான வினையாக வரும் 'இருந்து' இப்படிக் குறுகாது. 'அங்கேயே இருந்து பார்த்துக்கிட்டான்' என்பதை யாரும் 'அங்கேயேந்து' என்று சொல்வதில்லை. ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வினையாகவே நின்றுவிட்டது, மற்றது உருபாகப் பாதி வழி போய்விட்டது.

மலையாளி நண்பர்களைக் கேட்டால் அவர்கள் 'சேலத்தில் நின்னு' என்பார்கள். அதாவது நின்று. தமிழன் உட்கார்ந்து கிளம்புகிறான், மலையாளி நின்று கிளம்புகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். தெலுங்கின் 'நுண்டி', 'நுஞ்சி' கூட 'உண்டி', அதாவது இருந்து, என்பதோடு சேர்ந்ததுதான் என்று சொல்வார்கள். பக்கத்துப் பக்கத்து மொழிகள், ஒரே குடும்பம், ஒரே யோசனை, ஆனால் ஆளுக்கொரு வினையை எடுத்துத் தேய்த்திருக்கிறார்கள்.

வேற்றுமை உருபு என்று பள்ளியில் படித்தபோது, ஐ, ஆல், கு என்று அவை ஏதோ ஆதியிலிருந்தே அப்படியே இருந்த துண்டுகள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பூர்வீகம் தெரிந்த உருபுகளைத் துருவிப் பார்த்தால் அநேகமாக எல்லாமே ஒரு காலத்தில் முழுச்சொல், பெயரோ வினையோ. புழங்கிப் புழங்கித் தேய்ந்து, பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. ஐ, கு மாதிரியானவை ரொம்பப் பழையவை, அவற்றின் முழுச்சொல் நமக்கு எட்டாத தூரத்தில் போய்விட்டது. புதியவற்றில் மட்டும் ஒட்டுத் தெரிகிறது.

இந்த ஒட்டுவேலை நடந்ததற்குத் தேதியோடு சாட்சி வைத்திருக்கிற மொழி ஹங்கேரியம். 1055-இல் டிஹன் மடாலயத்துக்கு எழுதிக் கொடுத்த ஒரு சாசனம் இருக்கிறது. லத்தீனில் எழுதியது, ஆனால் எல்லை சொல்லும் இடங்களில் ஊர்க்காரர்கள் வழங்கிய ஹங்கேரியச் சொற்கள் அப்படியே விழுந்திருக்கின்றன. அதில் ஃபெஹேர்வார் நகரத்துக்குப் போகும் படைப்பாதையைக் குறிக்கிற ஒரு தொடரில், 'ரேஆ' என்ற சொல் தனியாக, பெயருக்குப் பின்னால் வருகிறது. இன்றைக்கு அதே இடத்தில் 'ஃபெஹேர்வார்ரா' என்று ஒட்டித்தான் சொல்ல முடியும். அதோடு நிற்கவில்லை, ஒட்டிய பிறகு அது பெயரின் உயிரொலிக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ளவும் பழகிவிட்டது, சில பெயர்களுக்கு 'ரா', சிலவற்றுக்கு 'ரெ'. தனிச்சொல்லாக இருந்தவரை அந்தக் கட்டாயம் இல்லை. கூட்டுக்குடும்பத்தில் வாக்கப்பட்ட பிறகுதான் எல்லாருக்கும் ஏற்றபடி குரலை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஹங்கேரியத்துக்குப் பதினெட்டு வேற்றுமை, ஃபின்னிஷுக்குப் பதினைந்து, ஆங்கிலத்துக்கு ஒன்றுமே இல்லை என்கிற மாதிரிப் பட்டியல்களை நிறையப் பார்க்கிறோம். எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. காக்கசஸ் மலைப்பக்கம், தாகெஸ்தானில், தபசரான் என்று ஒரு மொழி, அதற்கு ஐம்பதுக்குப் பக்கத்தில் வேற்றுமைகள் என்று எண்ணி உலக சாதனைக் கணக்கிலெல்லாம் சேர்த்துவிட்டார்கள். 1998-இல் பெர்னார்ட் காம்ரி, மரியா பொலின்ஸ்கி என்ற இரண்டு மொழியியலாளர்கள் அது ஒரு புரளி என்கிற அளவுக்குப் போய் ஒரு கட்டுரை எழுதினார்கள். விஷயம் என்னவென்றால், அங்கே 'மேல்', 'கீழ்', 'உள்' மாதிரி சில இட உருபுகள், அவற்றின் மேல் 'அங்கே', 'அங்கிருந்து', 'அங்கே நோக்கி' மாதிரி சில திசை உருபுகள். பெருக்கினால் எண்ணிக்கை எகிறுகிறது. நாமும் 'மேசைமேல்', 'மேசைமேலிருந்து', 'மேசைக்கடியில்', 'மேசைக்கடியிலிருந்து' என்று ஒவ்வொன்றையும் தனி வேற்றுமையாக எண்ண ஆரம்பித்தால் தபசரானைத் தோற்கடித்துவிடலாம். இடம் விட்டு எழுதுவதா சேர்த்து எழுதுவதா என்பதைப் பொறுத்துக்கூட எண்ணிக்கை மாறிவிடும். இந்தியில் பெயர்களுக்குப் பின் 'கோ', 'ஸே' என்று தனியாக எழுதுகிறார்கள், மராத்தியில் அதே மாதிரி வேலை செய்பவற்றைச் சேர்த்து எழுதுகிறார்கள். பேச்சில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது.

சரி, சில மொழிகளில் இவை பெயருக்கு முன்னால் வருகின்றன, சிலவற்றில் பின்னால், அது ஏன்? 1963-இல் ஜோசப் கிரீன்பர்க் என்ற மொழியியலாளர் முப்பது மொழிகளை வைத்துப் பார்த்தார். தமிழ் மாதிரி வினை கடைசியில் வரும் மொழிகளில் இந்தச் சொற்கள் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வருகின்றன, வினை முதலில் வரும் மொழிகளில் முன்னால்தான் வருகின்றன. மந்திரம் ஒன்றுமில்லை. தமிழில் 'சோறு தின்று' என்று செயப்படுபொருள் முன்னால், வினை பின்னால். ஆகவே வினையிலிருந்து பிறந்த உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும்: அவனைப் பற்றி, அவனை விட, ஊரை நோக்கி, மழை தவிர. பற்றுவது, விடுவது, நோக்குவது, தவிர்வது எல்லாம் கைகால் உள்ள வினைகள்தான். அதேபோல 'வீட்டின் உள்' என்று உடையவர் முன்னால், உடைமை பின்னால் வருவதால், உள், மேல், கீழ் எல்லாம் பின்னால். சீனத்தில் செயப்படுபொருள் வினைக்குப் பின்னால் வரும், அங்கே 'பா' என்று ஒரு வினை, பிடி, எடு என்று பொருள். 'புத்தகத்தை எடுத்துப் படித்தான்' என்கிற மாதிரி அடுக்கிச் சொல்லிச் சொல்லி, அந்த 'பா' இப்போது நம்முடைய 'ஐ' செய்யும் வேலையில் பாதியைச் செய்கிறது, ஆனால் பெயருக்கு முன்னால் நின்றுகொண்டு. பெற்ற சொல் எந்தப் பக்கம் நின்றதோ பிள்ளையும் அந்தப் பக்கமே நிற்கிறது. பாரசீகம் மாதிரி கட்சி மாறினவையும் உண்டு: வினை கடைசியில், ஆனால் 'இல்', 'இருந்து' எல்லாம் பெயருக்கு முன்னால், 'ஐ' மட்டும் ('ரா' என்பார்கள்) பெயருக்குப் பின்னால். அந்த 'ரா'வும் பழைய பாரசீகத்தில் 'பொருட்டு' என்று பொருள் தந்த 'ராதி' என்ற சொல்லின் தேய்வுதான்.

வினைகளை விட எனக்குப் பிடித்தது உடம்பு. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்குப் பெயரே 'கண்' என்று வைத்தார், அதற்குக் கீழே ஒரு பட்டியலும் கொடுத்தார்: கண், கால், புறம், அகம், உள், உழை, கீழ், மேல், பின் என்று போய் இடை, கடை, தலை, வலம், இடம் என்று முடிகிறது. கண், கால், இடுப்பு, தலை, முதுகு, ஓர் ஆளையே படுக்க வைத்துவிடலாம். நன்னூல் வரும்போது பட்டியல் 28 ஆகிறது, 'வாய்' சேர்கிறது. 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்ற குறளில் அந்த வாய், பேசுகிற வாயா, 'யாரிடமிருந்து' என்கிற உருபா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஒரு சொல் உறுப்பிலிருந்து உருபாகும் வழியில் நடுவில் எங்கோ நிற்கிறது, அதற்கு இதைவிட நல்ல போட்டோ கிடைக்காது. மெக்சிகோவில் மிஸ்டெக் மொழிக்காரர்கள் இன்றைக்கும் மலைமேல் என்பதற்கு 'மலையின் தலை' என்கிறார்கள், மேசைக்கு அடியில் என்பதற்கு 'மேசையின் வயிறு'. நாலு கால் மேசைக்கு வயிறு கீழேதானே இருக்கும், மாட்டுக்கு இருக்கிற மாதிரி.

நன்னூலின் அந்த 28-இல் ஆகக் கடைசி எது தெரியுமா? 'இல்'. தொல்காப்பியர் பட்டியலில் அது இல்லவே இல்லை. இன்றைக்கு நாம் எழுதும் தமிழில் கண்ணையும் காலையும் தேடித்தான் பிடிக்க வேண்டும், இல் இல்லாமல் ஒரு பத்தி எழுத முடியாது. வரிசையில் கடைசியாக வந்து நின்றவர் கடையையே எடுத்துக்கொண்டுவிட்டார். இந்த 'இல்'லுக்கு வேர், வீடு என்று பொருள்படும் 'இல்' (இல்லம், இல்லாள்) என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். கன்னடத்திலும் இதே ஆள்மாற்றம் நடந்திருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டின் கவிராஜமார்கம் என்ற கன்னட நூலில் கன்னட நாட்டின் எல்லை சொல்லும் பிரபலமான வரி, 'காவேரியிந்தம் ஆ கோதாவரிவரம்' என்று தொடங்கும். 'இந்தம்' அப்போதே இருக்கிறது, 'வரம்' நம் 'வரை' போலவே இருக்கிறது, ஆனால் அடுத்து வருவது 'கன்னடதொள்', அதாவது கன்னடத்துள். இன்றைக்கு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், 'கன்னடதல்லி'தான். 'ஒள்' (உள்) போய் 'அல்லி' (அங்கே) வந்துவிட்டது. தமிழனுக்கு வீடு, கன்னடக்காரருக்கு அங்கே, தெலுங்கருக்கு 'லோ', அதாவது உள்ளே. மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே.

இப்போது எட்டு வேற்றுமை என்ற கணக்குக்கு வருவோம், ஏனென்றால் என் மகள் மூலமாக அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இங்கே பள்ளியில் கன்னடம் படிக்கிறாள், 'விபக்தி பிரத்யய', அதாவது வேற்றுமை உருபு, அட்டவணையை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்: உ, அன்னு, இந்த, கெ, தெசெயிந்த, அ, அல்லி. ஐந்தாவதில் நிறுத்தினேன். 'தெசெயிந்த'வா? தெசெ என்றால் திசை. மரத்திலிருந்து விழுந்தது என்பதற்கு 'மரத்தின் திசையிலிருந்து' என்று எந்தக் கன்னடக்காரர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்? 'மரதிந்த பித்து' என்பார்கள். விஷயம் இதுதான். கன்னடத்தில் 'சாகுவிந்த' என்றால் கத்தியால், 'மைசூரிந்த' என்றால் மைசூரிலிருந்து, கருவிக்கும் கிளம்புமிடத்துக்கும் ஒரே 'இந்த'. ஆனால் சமஸ்கிருத இலக்கணத்தில் மூன்றாவது தனி, ஐந்தாவது தனி. 'இந்த'வை மூன்றில் போட்டுவிட்டால் ஐந்தாம் கட்டம் காலி. காலியாக விட மனசு வராமல் 'தெசெயிந்த'வைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தேர்வில் எழுதினால் மார்க் உண்டு, தெருவில் கேட்க முடியாது.

நம் பக்கம் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. 'வேற்றுமை தாமே ஏழென மொழிப' என்று சொல்லி, விளியோடு எட்டு என்று முடித்தார் தொல்காப்பியர். மூன்றாம் வேற்றுமைக்கு அவர் வைத்த பெயர் 'ஒடு'. நன்னூலார் அதே மூன்றாவதுக்கு 'ஆல், ஆன், ஓடு, ஒடு' என்று 'ஆல்'லை முதலில் வைக்கிறார். இரண்டு வேறு வேலைகள், கருவி ஒன்று, துணை ஒன்று, ஒரே கட்டத்தில். சமஸ்கிருதத்தில் இரண்டுக்கும் ஒரே விகுதி, அதனால் அங்கே ஒரே கட்டம் நியாயம். இந்தி 'ஸே' இன்னும் பேராசை பிடித்தது, கத்தியால், மைசூரிலிருந்து, அவனை விட, அவனிடம் கேள் எல்லாவற்றுக்கும் அதுவே. ஆங்கிலத்திலும் கத்திக்கும் நண்பனுக்கும் 'வித்' ஒன்றுதான். தமிழ் பிரிக்கிறது: கத்தியால், நண்பனோடு. பிரிக்கிறது என்று தெரியாமல் மொழிபெயர்த்தவர் 'ஸ்பூனோடு சாப்பிடவும்' என்று எழுதிய ஒரு பாக்கெட்டைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டால் ஸ்பூனும் உள்ளே போய்விடும்.

அந்த ஒடு பேச்சில் என்ன பாடுபடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? 'அவனோடு போனேன்' பேச்சில் 'அவனோட போனேன்' ஆகிறது. 'அவனுடைய வீடு' பேச்சில் 'அவனோட வீடு' ஆகிறது. உடையது, உடைய என்று சொத்துப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த ஒரு சொல்லும், துணைக்கு வந்த இன்னொரு சொல்லும், தேய்ந்து தேய்ந்து ஒரே ஒலியில் வந்து முட்டிக்கொண்டன. இந்த இடிபாட்டினால்தானோ என்னவோ, இப்போது 'அவன்கூட போனேன்' என்பதே அதிகம் காதில் விழுகிறது. கூடு என்ற வினையிலிருந்து புதிதாக ஓர் ஆள் வேலைக்கு வந்துவிட்டது, இது என் ஊகம்தான், ஆனால் கேட்டுப் பாருங்கள். 'கத்தியால வெட்டு' என்பதை விட 'கத்திய வெச்சு வெட்டு' என்பதும் இப்படித்தான் இடம் பிடிக்கிறது. வைத்து என்பது இன்னும் சில நூறு வருஷத்தில் 'ச்சு' என்று தேய்ந்து ஒட்டிக்கொண்டால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆறாம் வேற்றுமையில் ஒரு சின்ன வம்பு. பழைய இலக்கணப்படி 'எனது' என்பது ஒரே ஒரு அஃறிணைப் பொருளுக்குத்தான், எனது கை, எனது வீடு. பலவாக இருந்தால் 'என கைகள்'. உடைமை எத்தனை என்பதைப் பார்த்து உருபு மாறுகிறது, இந்தியில் 'கா', 'கீ', 'கே' உடைமையைப் பார்த்து மாறுகிற மாதிரியே. மனிதர்களுக்கு அது வரவே கூடாது, 'நம்பிக்கு மகன்' என்று நான்காம் வேற்றுமைக்குப் போக வேண்டும் என்கிறார் தொல்காப்பியர். 'எனது மகன் திருமணத்துக்கு' என்று அழைப்பிதழ் அடிக்கிற யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, நானும் கவனிக்கவில்லை. விதி போய் ரொம்ப நாளாயிற்று.

நான்காம் வேற்றுமைதான் இந்தப் பக்கத்து மொழிகளின் உண்மையான கூட்டணி. எனக்குப் பசிக்கிறது, நனகெ ஹசிவாக்தா இதெ, நாகு ஆகலேஸ்தோந்தி, முஜே பூக் லகீ ஹை. பசி, தூக்கம், கோபம், பிடித்தது, தெரிந்தது எல்லாவற்றிலும் அனுபவிக்கிறவர் எழுவாயாக இல்லாமல் 'கு'வோடு ஓரமாக நிற்கிறார். ஏதோ அது அவருக்கு வந்து நேர்கிறது, அவர் செய்யவில்லை. குடும்பமே வேறாக இருந்தும் இந்தியும் நம்மோடு சேர்ந்துகொள்கிறது. எத்தனை நூற்றாண்டு ஒரே சந்தையில் பேரம் பேசியிருக்கிறோம்! ஆங்கிலம் படித்தவர்கள் 'ஐ ஆம் ஹங்ரி' என்பதை இயல்பு என்றும் நம்முடையதைச் சுற்றுவழி என்றும் நினைக்கிறார்கள். ஆனால் ஆங்கிலமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. ஷேக்ஸ்பியரில் வரும் 'மீதிங்க்ஸ்' அப்படியே 'எனக்குத் தோன்றுகிறது'. மொழியியல் வகுப்பில் அடிக்கடி காட்டுகிற ஓர் உதாரண வாக்கியம் உண்டு, ஓட்டோ யெஸ்பெர்சன் சொன்னது: 'அரசருக்குப் பேரிக்காய்கள் பிடித்தன'. பழைய ஆங்கிலத்தில் அரசருக்கு நான்காம் வேற்றுமை, பேரிக்காய்கள் எழுவாய், வினை பன்மை. அப்படியே தமிழ். அப்புறம் என்ன ஆயிற்று என்றால், ஆங்கிலத்தில் அழுத்தம் எல்லாம் சொல்லின் தொடக்கத்தில் விழுந்ததால் கடைசி அசைகள் வாய்க்குள் முணுமுணுப்பாகி, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் போய், கடைசியில் உதிர்ந்தே போயின. வாக்கியத்தில் சொற்களின் இடம் மட்டும் மாறவில்லை. அரசர், பிடித்தன, பேரிக்காய்கள். உருபு இல்லாமல் முதலில் நிற்கிற அரசரைப் பார்த்த அடுத்த தலைமுறை, முதலில் நிற்பவர்தானே எழுவாய் என்று எடுத்துக்கொண்டது. 'அரசர் பேரிக்காய்களை விரும்பினார்' ஆகிவிட்டது. யாரும் வாக்கியத்தைத் திருத்தவில்லை, பிரித்துப் பார்த்த விதம்தான் மாறியது. உருபுகள் போன இடத்தில் 'டு', 'ஆஃப்', 'வித்' என்று முன்னால் நிற்கும் சொற்கள் வேலையை எடுத்துக்கொண்டன. லத்தீன் பிரெஞ்சாகவும் இத்தாலியமாகவும் ஆனபோதும் இதே கதைதான்.

இந்தியின் 'நே' பற்றி ஒன்று மட்டும். 'லட்கே நே ரோட்டீ காயீ' என்பதில் சாப்பிட்டவன் பையன், ஆனால் வினை ரொட்டியைப் பார்த்துப் பெண்பாலாகிறது. சமஸ்கிருதத்தில் 'பையனால் தின்னப்பட்ட ரொட்டி' என்கிற மாதிரியான எச்சத் தொடர்தான் பிறகு இறந்தகாலமே ஆகிவிட்டது, அதன் மிச்சம் இது. நம் ஊர்க்காரர்கள் இந்தி பேசும்போது முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். அவர்களுக்கு ஆறுதலாக, சிவாஜிநகர் பக்கம் கேட்கிற தக்னி உருதுவில் இந்த 'நே' அநேகமாக இல்லை, 'மை போல்யா' என்று நேராகப் போய்விடுவார்கள். சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் தமிழும் பேசுகிற ஊர்களில் சில நூற்றாண்டுகள் இருந்தால் 'நே' தளர்ந்துவிடும் போல.

அதே தக்னியில் 'கோ' என்பதைக் 'கூ' என்பார்கள், 'மேரேகூ'. தமிழ்க் 'கு'வோடு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள், உடனே 'எங்களிடமிருந்துதான் போயிற்று' என்று கிளம்பத் தோன்றும். 1856-இல் வந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல்லும் இந்த ஒற்றுமையைப் பேசியிருக்கிறார். ஆனால் இந்திக் 'கோ'வுக்குப் பெரும்பாலோர் சொல்லும் வழி வேறு: சமஸ்கிருத 'கக்ஷ', அக்குள், பக்கம். அது தேய்ந்து தேய்ந்து 'கோ'. நாம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறோமே, அந்தக் கக்கம். அப்படியானால் 'ராம் கோ தோ' என்பது ஆதியில் ராமன் கக்கத்தில் கொடு. திரும்பவும் உடம்பு.

என் பிழைப்பு செயலிகளைத் தமிழாக்குவது, அதனால் இதெல்லாம் எனக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு காலி இடம் விட்டு, முன்னால் 'ஃப்ரம்', 'டு' போட்டுவிடுவார்கள். ஊர் எதுவானாலும் வாக்கியம் உடையாது. அதை அப்படியே தமிழுக்குத் திருப்பினால் 'சேலம் இல் இருந்து மைசூரு க்கு 3 பேருந்துகள்'. சேலம் என்பது 'சேலத்து' என்று மாறினால்தான் உருபை ஏற்கும் என்று நிரலுக்குத் தெரியாது. ஆறு ஆற்று ஆகும், வீடு வீட்டு ஆகும், மதுரை மாறாமல் யகரம் மட்டும் நடுவில் நுழையும். நாங்கள் கண்டுபிடித்த தந்திரம், உருபே வராமல் எழுதுவது: 'புறப்படும் ஊர்: சேலம்'. எல்லா ஊரையும் எழுவாயாக்கிவிடுவது, அவ்வளவுதான். ஃபின்னிஷ் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே தலைவலி, பதினைந்து மடங்கு. 'ஐ' இன்னும் மோசம். 'புகைப்படம் அனுப்பு' என்றால் ஏதோ ஒரு படம், 'புகைப்படத்தை அனுப்பு' என்றால் முன்பே தெரிந்த அந்தப் படம், ஆள் என்றால் 'ஐ' கட்டாயம். துருக்கியம், இந்தி, பாரசீகம் எல்லாம் குறிப்பிட்ட பொருளா என்று பார்க்கின்றன, ஸ்பானியம் ஆளா என்று பார்க்கிறது. இதை எந்தத் திரையில் எப்படி என்று நிரல் எழுதுகிறவருக்கு விளக்கி முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

போன மாதம் ஊருக்குப் போய்விட்டுக் காலையில் திரும்பி, பையோடு கேட்டைத் திறக்கும்போது ஹவுஸ் ஓனர் அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் தமிழும் ரொம்பத் தேறிவிட்டது. 'என்னங்க, சேலத்தால எப்ப வந்தீங்க?' என்றார். 'இந்த'வைத் தமிழாக்கி இருக்கிறார். ஒரே உருபு, அவருக்கு இரண்டு வேலை, அதனால் நம் 'ஆல்'லையும் இரண்டுக்கும் வைத்துவிட்டார். சேலத்திலேருந்து என்று சொல்லணும் என்று வாயெடுத்தேன். அதற்குள் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ஃபோனில் தினமும் 'இப்பதான் வேலையால வந்தனான்' என்று சொல்வது ஞாபகம் வந்துவிட்டது. 'விடியக்காலை பஸ்ஸுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.